பச்சைப் புடவைச் சிரிப்பு

அடுத்த சீசனுக்கு எடிட் அறையில் உட்காரப்போகும் உங்களுக்கு நான் ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று கேட்டீர்கள். தொழில்நுட்பம் பற்றி எழுதினால் என்னைப் பார்த்துச் சிரிப்பீர்கள். நான் ஓய்வு பெற்ற இந்த இரண்டு வருஷத்துக்குள் அங்கே எல்லாப் பொத்தான்களும் இடம் மாறிவிட்டனவாம். என் சாமர்த்தியங்களைப் பற்றி எழுதலாம் என்றால் அதற்கு அரைப் பக்கம் போதும். ஆகவே ஒரு தப்பைப் பற்றி எழுதுகிறேன். அதையும் நான் ஒரேயடியாகச் செய்துவிடவில்லை. இரண்டு தவணையாகச் செய்தேன்.

நான் கடைசியாக வேலை பார்த்த சீசனில் நடந்தது இது. உங்களுக்குத் தெரிந்த அதே நிகழ்ச்சிதான். இரவு பத்தரை மணிக்கு, வாரம் ஒரு நாள், ஒரு மணி நேரத்தில் ஐந்தாறு குட்டி நாடகங்கள். ராத்திரி நிகழ்ச்சி என்று பெயரே தவிர, எடுப்பதெல்லாம் பட்டப்பகலில், அடையாற்றில் ஒரு ஸ்டுடியோவில். வெட்டி ஒட்டுவது தி.நகரில், ஜவுளிக்கடைகளுக்குப் பின்னால் இருக்கும் சந்தில், மூன்றாம் மாடியில். மயிலாப்பூரிலிருந்து கிளம்பி அந்தச் சந்து முனைவரை வருவது எனக்குப் பெரிய காரியம் இல்லை. தீபாவளி சமயத்தில் முனையிலிருந்து மாடிப்படி வரை வருவதுதான் பெரிய காரியம்.

இந்த நிகழ்ச்சியில் ஒரு வழக்கம் உண்டு. பார்வையாளர்களை ஒரு ஏஜென்ட் வேனில் கூட்டி வருவார். காலை பத்து மணிக்கு, ஒரு நாடகம்கூட ஆரம்பிப்பதற்கு முன்னால், அவர்களை உட்கார வைத்து முதலில் சிரிப்பை எடுத்துவிடுவோம். நடிகர் ஒருவர் மேடையில் நின்று கோமாளித்தனம் செய்வார். ஜனங்கள் சிரிப்பார்கள், கைதட்டுவார்கள், தொடையைத் தட்டிக்கொள்வார்கள். ஒரு கேமரா அதை மட்டும் எடுக்கும். பிறகு எடிட்டில், எந்த நாடகத்தில் எந்த இடம் சப்பென்று இருக்கிறதோ, அங்கே காலைச் சிரிப்பைக் கொண்டுபோய் ஒட்டுவோம். மதியம் சாப்பிட்ட பிறகு மனிதர்களுக்குச் சிரிப்பு வராது, கொட்டாவிதான் வரும் என்பது எங்கள் நியாயம். இதில் யாருக்கும் உறுத்தல் கிடையாது, எனக்கும் இல்லை. சாம்பாரில் பெருங்காயம் போட்டதற்காக யாராவது வருத்தப்படுவார்களா?

எங்கள் பயமெல்லாம் வேறு. ஒரு வாரம், நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டிய பெரியவர் ஒருவர் முதல் நாடகத்தில் பிளாஸ்திரியோடும், இரண்டாவதில் அது இல்லாமலும், மூன்றாவதில் மறுபடி அதோடும் சிரித்துவிட்டார். சாப்பாட்டு வேளையில் அது கழன்று விழுந்தது எனக்கு எப்படித் தெரியும்? பார்த்தவர்கள் ஒரு மாதம் எங்களைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். இன்னொரு தொல்லை, ஆட்கள் நடுவில் எழுந்து போவது. ஒரு காட்சியில் வரிசை நிறைந்திருக்கும், அடுத்த நொடியில் நடுவில் பல் விழுந்த மாதிரி ஒரு நாற்காலி காலியாக இருக்கும். கோபம் தாங்காமல் ஒரு தாளில் பெரிதாக எழுதி ஸ்டுடியோ சுவரில் ஒட்ட வைத்தேன்: ‘கேமரா ஓடும்போது யாரும் எழக்கூடாது.’ அதைப் பார்த்துக்கொள்ள வரிசையின் ஓரத்தில் ஓர் ஆளையும் நிறுத்தச் சொன்னேன். அதற்குப் பிறகு யாரும் எழுந்து போகவில்லை. எனக்கு அதில் பெருமைகூட இருந்தது. இப்போது அந்தத் தாளை நீங்கள் அங்கே பார்க்க முடியாது.

அந்த சீசனில் வாராவாரம் வந்தவர்களில் ஓர் அம்மாள் இருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். சிரிப்பு வந்துவிட்டால் தலை பின்னால் போகும், கண்ணில் தண்ணீர் முட்டும், பக்கத்தில் இருப்பவர் தோளை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். பார்க்கிற நமக்கும் வாய் தானாகக் கோணும். அந்தச் சிரிப்பை எந்த வாரமும் எங்கேயும் ஒட்டலாம் என்பதற்காக, அவரை மட்டும் எப்போதும் ஒரே பச்சைப் புடவையில் வரச் சொல்லும்படி ஏஜென்ட்டிடம் நான்தான் சொல்லியிருந்தேன். பெயர் கேட்டுக்கொள்ளவில்லை. எடிட் அறையில், ‘இந்த இடம் தொங்குது, பச்சைப் புடவையைப் போடு’ என்போம். கணினியிலும் அவருடைய கோப்புக்கு அதுதான் பெயர்.

சீசனின் கடைசிக்கு முந்தைய வாரம். எங்கள் நிகழ்ச்சியில் ‘எட்டாவது மாடி எல்லம்மா’ என்று ஒரு பாத்திரம் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது. ஆற்றோரத்திலிருந்து கிளப்பி, ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் குடிவைக்கப்பட்ட பெண். ஆண் நடிகர் ஒருவர் புடவை கட்டிக்கொண்டு நடித்தார். லிப்டில் கருவாடு காயப்போடுவது, மேலேயிருந்து தண்ணீரைக் கொட்டுவது, இந்த மாதிரி. அந்த வாரம் எல்லம்மாவின் புருஷன் செத்துப்போகிறான், லிப்ட் ஓடவில்லை. பிணத்தைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்குகிறார்கள். ஒவ்வொரு மாடியிலும் யாரோ ‘எங்க கிளம்பிட்டாரு?’ என்று கேட்க, எல்லம்மா ‘வாக்கிங்கு’ என்கிறாள். எழுதியவருக்கு அது தன் கற்பனை என்றுதான் எண்ணம். ஸ்டுடியோவில் அந்த இடத்தில் சிரிப்பே எழவில்லை. நான் யோசிக்கவே இல்லை. ‘வாக்கிங்கு’ என்ற சொல் முடிந்ததும் பச்சைப் புடவையை ஒட்டினேன். நச்சென்று பொருந்தியது.

ஒளிபரப்பான மறுநாளே அந்தத் துண்டு மட்டும் எல்லார் கைபேசியிலும் சுற்ற ஆரம்பித்தது. எங்கள் அலுவலகத்தில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. நான்காம் நாள் காலை, என்னைப் பார்க்க ஒரு பெண்மணி வந்திருப்பதாகக் கீழேயிருந்து சொன்னார்கள். போனேன். நீலப் புடவை, கையில் ஒரு துணிப்பை, வேர்த்த முகம். எங்கோ பார்த்த மாதிரியும் இருந்தது, பார்க்காத மாதிரியும் இருந்தது.

“நீங்கதான் சிரிப்பு ஒட்டுற மேடமா?” என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த முகத்தை நூறு தடவையாவது பார்த்திருப்பேன். சிரிக்காமல் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

அவர் பெயர் கோமளா. இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். உட்காரச் சொன்னேன், நின்றபடியே பேசினார்.

“எங்க எட்டாவது மாடில தனம்னு ஒண்ணு கீது மேடம். சிந்தாதிரிப்பேட்டைல கூவத்தாண்ட நாங்க பக்கத்துப் பக்கத்து வூடு. காலி பண்ணி இட்டாந்து இங்க போட்டாங்க, இங்கயும் பக்கத்து வூடே கெடைச்சுது. ரெண்டு மாசம் முன்ன அவ வூட்டுக்காரரு பூட்டாரு. லிப்ட் ஓடல. பிளாஸ்டிக் சேர்ல ஒக்கார வச்சி எட்டு மாடியும் எறக்குனோம். சேரோட ஒரு காலு நான் புடிச்சேன்.”

துணிப்பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு தொடர்ந்தார்.

“இப்ப அதே சேரு, அதே மாடி, டிவில காமெடியா வருது. அதுக்கு நான் சிரிக்கிறேன், கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு. தனத்தோட பொண்ணு போன்ல காட்டிகீது. அதுலேர்ந்து தனம் என் மூஞ்சப் பாக்கல. நான் பைப்பாண்ட போனா அது கொடத்தத் தூக்கிகினு போயிடுது. எனக்கு அங்க வேற யாரு கீறா மேடம்?”

அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அந்தத் துண்டை உடனே எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிடச் சொல்கிறேன் என்றேன்.

“எடுத்துட்டா? பாத்தவங்க கண்ணுலேர்ந்து எடுப்பீங்களா?”

நானே தனத்திடம் போனில் பேசுகிறேன் என்றேன். கோமளா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். “நான் சொல்லிக் குடுத்துப் பேசுறீங்கன்னு சொல்லும். அந்த நேரத்துல நான் சிரிக்கல மேடம். அந்த நேரத்துல என் மூஞ்சி எப்பிடி இருந்துச்சோ, அத்தக் காட்டுங்க. அது போதும்.”

பார்வையாளர் கேமராவில் பதிவானதை ஒளிபரப்பு முடிந்ததும் அழித்துவிடுவது வழக்கம். ஆனால் அந்த நாளின் பதிவை நான் அழிக்காமல் வைத்திருந்தேன். காரணம் ஒன்றும் உயர்ந்தது இல்லை. பச்சைப் புடவைச் சிரிப்பு இன்னும் நாலு தேறும் என்று பிறகு சலித்தெடுக்க வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

கோமளாவை எடிட் அறைக்குக் கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்கார வைத்தேன். மதியப் பதிவை, பக்கத்துத் திரையில் மேடைப் பதிவோடு சேர்த்து ஓட்டினோம். பார்வையாளர் படத்தில் சத்தம் இல்லை. வரிசை வரிசையாக முகங்கள், மூன்றாம் வரிசை ஓரத்தில் பச்சைப் புடவை. எல்லம்மா நாடகம் தொடங்கியபோது இலேசாகச் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். நாற்காலி மேடைக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். ‘வாக்கிங்கு’ என்ற இடத்தில் சட்டென்று எழுந்துவிட்டார். உடனே படத்தின் ஓரத்திலிருந்து ஒரு கை நீண்டது. கை மட்டும்தான் தெரிந்தது. உட்கார், உட்கார் என்று கீழ்நோக்கி இரண்டு முறை அசைந்தது. கோமளா அந்தக் கையைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார், உட்கார்ந்துவிட்டார்.

“எந்திரிச்சேன் பாத்தீங்களா?” என்றார் பக்கத்திலிருந்த கோமளா. அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

சீசனின் கடைசி நிகழ்ச்சியை மறுநாள் மாலைக்குள் ஒப்படைக்க வேண்டும். அதன் முடிவில், நடிகர்கள் வசனம் மறந்தது, விக் கழன்றது என்று நாங்கள் சொதப்பியதையெல்லாம் தொகுத்துப் போடுவது வழக்கம். அந்த இடத்தில் இதை வைத்தேன். முதலில் காலைச் சிரிப்பு, பிறகு மதியம் அவர் எழுந்தது, உட்கார்ந்தது. கீழே மூன்று வரி: ‘இந்தச் சிரிப்பு காலையில் எடுத்தது. அந்தக் காட்சி நடந்தபோது இவர் சிரிக்கவில்லை. ஒட்டியது எங்கள் தவறு.’

சேனலில் எங்களுக்கு மேலே இருந்த நிகழ்ச்சிப் பொறுப்பாளர் அதைப் பார்க்க வந்தார். கெட்டவர் இல்லை. குரலை உயர்த்தி நான் கேட்டதே கிடையாது.

“சிரிப்ப ஒட்டுறோம்னு நாமளே சொல்லிட்டா, இனிமே எந்தச் சிரிப்ப நம்புவாங்க மேடம்?”

“இப்ப மட்டும் நம்பிட்டாங்களா? பிளாஸ்திரி போட்டவரோட தாத்தா பேரு வரைக்கும் கேட்டாங்க.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்ச நேரம் நாற்காலியைச் சுழற்றிக்கொண்டிருந்தார். பிறகு, “சரி, போடுங்க. ஆனா அந்தக் கை வேண்டாம். கையப் பாத்தா நாம ஆளுங்களப் புடிச்சு வச்சு ஒக்கார வக்கிற மாதிரி இருக்கு. அவங்க முகம்தானே முக்கியம்? முகம் தெரியுது இல்ல?” என்றார்.

என் தவறின் இரண்டாவது தவணை இதுதான். பெரிய சண்டை போட்டு ஜெயித்துவிட்ட மாதிரி ஒரு களைப்பில் இருந்தேன். படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினால் ஓரம் தானாக வெளியே போய்விடும், பத்து நொடி வேலை. முகம்தானே முக்கியம் என்று நானும் சொல்லிக்கொண்டேன். கை போனது. அந்தக் கை நான் ஒட்ட வைத்த தாளுக்காக நீண்ட கை என்பது அப்போதே எனக்குத் தெரியும். அது போனதில் எனக்குள் ஒரு மூலையில் நிம்மதிகூட இருந்தது. உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? நெருக்கடியில் யாராவது நம்மிடம் சின்னதாக ஒன்றைக் கேட்பார்கள், அது நமக்கும் சௌகரியமாக இருக்கும். அந்த நேரத்தில் எழுந்து போய் ஒரு காபி குடித்துவிட்டு வந்து பாருங்கள். நான் குடிக்கவில்லை.

கடைசி நிகழ்ச்சி ஒளிபரப்பானது. பலபேர் எங்கள் நேர்மையைப் பாராட்டி எழுதினார்கள். மறுநாள் காலை கோமளா போன் செய்தார்.

“தனம் பாத்துச்சா?” என்று ஆவலாகக் கேட்டேன்.

“பாத்துச்சு. வாசல்ல நின்னுகினு கேட்டுச்சு. ‘சிரிக்கல, சரி. எந்திரிச்சவ ஏன்டி மறுபடி ஒக்காந்த? ஒன் புருசன் பொணமா இருந்தா ஒக்காந்து பாத்திருப்பியா?’ன்னு.” பிறகு அவரே கேட்டார்: “மேடம், அந்தக் கை எங்க போச்சு?”

அந்தக் கேள்வி வந்தபோதுதான், இருந்ததை விடக் கெடுத்துவிட்டேன் என்பது எனக்குத் தெரிந்தது. முன்பாவது கோமளா சிரித்ததாகத்தான் பேச்சு. இப்போது பிடிக்காமல் எழுந்தும், தானாகவே மறுபடி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவர் என்று ஆகிவிட்டார். அதை ஊருக்கே காட்டியவள் நான்.

பொறுப்பாளரைக் கூப்பிட்டு, வெட்டாத பதிவை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போகிறேன் என்றேன். “கேக்குறீங்களா, சொல்றீங்களா?” என்றார். “சொல்றேன்” என்றேன். அவர் ஒரு பெருமூச்சு விட்டார், வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் போனேன். லிப்ட் கதவில் ‘பழுது’ என்று எழுதிய அட்டை தொங்கியது. அட்டையே பழசாகிவிட்டிருந்தது. நான்காம் மாடியில் ஒரு முறை, ஆறாம் மாடியில் ஒரு முறை படியில் உட்கார்ந்தேன். வெறுங்கையோடு ஏறுவதற்கே இந்தப் பாடு. ஒரு மனிதரை நாற்காலியில் வைத்து இந்தத் திருப்பங்களில் எப்படி இறக்கினார்கள் என்று நினைத்துக்கொண்டே மிச்சத்தையும் ஏறினேன். மேலே கோமளா காத்திருந்தார். தனத்தின் கதவு திறந்திருந்தது. கோமளா உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றுவிட்டார்.

தனம் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சுவரில் புருஷனின் படம். நான் யாரென்று சொன்னேன். கீரையிலிருந்து கண் எடுக்கவில்லை. “சிரிப்புக்காரங்களா?” என்று மட்டும் கேட்டார்.

கீழே உட்கார்ந்து என் கைபேசியில் அந்தப் பதிவைக் காட்டினேன். வெட்டாதது, பெரிதாக்காதது. தனம் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார். முடிந்ததும் “மறுபடி போடு” என்றார். மூன்று முறை பார்த்தார். மூன்றாவது முறை, ஓரத்தில் கை வந்த இடத்தில் விரலை வைத்தார். படம் நின்றது.

“யாரு கை இது?”

அந்த ஆள் பெயரைச் சொல்லியிருக்கலாம். பொய்யாகவும் இருக்காது. ஆனால் ஏறி வந்த எட்டு மாடியும் வீணாகப் போயிருக்கும்.

“நிக்கிறவர் வேற ஒருத்தர்மா. ஆனா யாரும் எந்திரிக்கக் கூடாதுன்னு எழுதி ஒட்ட வச்சது நான். டிவில போட்டப்ப இந்தக் கைய வெட்டுனதும் நான்தான்.”

“எந்திரிச்சா இன்னா ஆவும்?”

“படத்துல ஒரு சேர் காலியாத் தெரியும்.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான்.”

தனம் கைபேசியை என்னிடம் கொடுத்துவிட்டு மறுபடி கீரையை எடுத்தார். இரண்டு காம்பு ஆய்ந்திருப்பார். பிறகு என்னைப் பார்த்து, வாசலில் நிற்பவருக்கும் கேட்கிற மாதிரி பேசினார்.

“எங்க வூட்டுக்காரர எறக்கசொல்ல, ஆறாவது மாடில யாராலயும் முடியல. எல்லாரும் படில ஒக்காரப் பாத்தாங்க. அப்ப இவதான் கத்துனா, ‘யாரும் ஒக்காராதீங்க, ஒக்காந்தா எந்திரிக்க முடியாது’ன்னு. நின்னுகினே மூச்சு வாங்கிட்டு மறுபடி தூக்குனோம்.”

கீரைக் காம்புகளை ஒரு பக்கமாக ஒதுக்கினார்.

“கோமளா, இன்னா அங்கயே நின்னுகினு கீற? எட்டு மாடி ஏறி வந்துகிறாங்க. தண்ணி குடு.”

கோமளா உள்ளே வந்தார். தண்ணீர் எடுக்கத் தன் வீட்டுக்குப் போகவில்லை. நேரே தனத்தின் அடுப்படிக்குள் போனார். சொம்பு எங்கே இருக்கிறது என்று கேட்கவும் இல்லை.